பாட்டு வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்க்கும் பெண்ணை என்ன படிக்க வைப்பது?

போன வாரம் ஒரு அப்பாவும் அம்மாவும், பள்ளி இறுதியாண்டில் இருக்கும் மகளை அடுத்து என்ன படிக்க வைக்கலாம் என்று ஆலோசனை கேட்டு, அவளோடு என்னிடம் வந்திருந்தார்கள். அப்பா கையில் ஒரு பொறியியல் கல்லூரியின் விண்ணப்பம். கணினி அறிவியல், அதிலும் செயற்கை நுண்ணறிவுப் பிரிவு. முன்பணம் கட்ட இன்னும் பத்து நாள்தான் இருக்கிறதாம். அம்மா கையில் மகளின் நோட்டுப் புத்தகம். "படிக்க வேண்டிய நேரத்தில் இதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறாள், பாருங்கள்" என்று மேசையில் வைத்தார்.

பாட்டு வரிகளாக இருக்கும் என்று நினைத்துத் திறந்தேன். இல்லை. இடப்பக்கம் நிமிடம், நொடி. வலப்பக்கம் அந்த நொடியில் திரையில் என்ன தெரிகிறது என்ற குறிப்பு. இருபது பக்கத்துக்கு மேல், எல்லாம் ராக் பாட்டு வீடியோக்கள். நிர்வாணா குழுவின் 'ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்' பற்றிய பக்கத்தில் இப்படி இருந்தது: "முடி. புகை. கிட்டார். மறுபடி முடி. முகம் சரியாகத் தெரியவே இல்லை. கடைசியில்தான் முகம். ஏன் இவ்வளவு நேரம் மறைத்தார்கள்?" கடைசிக் கேள்விக்குக் கீழே இரண்டு கோடு.

கவலைப்படாதீர்கள், இந்த வயதில் எல்லாரும் இப்படித்தான், தானாகச் சரியாகிவிடும் என்று நான் சொல்வேன் என்று அவர்கள் எதிர்பார்த்தார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. அவள் கேட்ட கேள்விக்கு உண்மையிலேயே பதில் இருக்கிறது. 1991-ல் அந்த வீடியோவை இயக்கியவர் சாமுவேல் பேயர். அவர் வெட்டித் தந்த வடிவம் பாடகர் கர்ட் கோபேனுக்குப் பிடிக்கவில்லை. எடிட்டிங்கில் தானே உட்கார்ந்து மாற்ற வைத்தார். முடிவுக்கு அருகில் வரும் அந்த நெருக்கமான முகம் அப்படித்தான் உள்ளே வந்தது. எதையும் கண்டுகொள்ளாத, யாருக்கும் அடங்காத இளைஞன் என்று உலகம் கோபேனைப் பற்றி வைத்திருக்கும் பிம்பத்தில் பெரும்பங்கு அந்த நான்கைந்து நிமிட வீடியோவுடையது. அதில் எது எப்போது தெரிய வேண்டும் என்பதை அந்த எடிட்டிங் அறையில் உட்கார்ந்தவர்கள் முடிவு செய்தார்கள். யாரும் சொல்லித்தராமல், ஒரு பதினேழு வயதுப் பெண் அந்த முடிவின் தடத்தைப் பிடித்திருக்கிறாள்.

அந்த அப்பா அம்மாவிடம் பாதிதான் பேச முடிந்தது. இதே நிலையில் இருக்கிற மற்ற பெற்றோருக்கும் சேர்த்து மீதியை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். ராக் பாடகரின் பொதுப் பிம்பம் தானாக முளைப்பதில்லை. 1957 ஜனவரியில் அமெரிக்கத் தொலைக்காட்சியின் எட் சல்லிவன் நிகழ்ச்சியில் எல்விஸ் பிரெஸ்லியை இடுப்புக்கு மேல் மட்டுமே காட்டினார்கள். ஆடும் கால்களைக் கேமரா தவிர்த்தது. மறைத்ததாலேயே அந்த ஆட்டத்தைப் பற்றிய பேச்சு இன்னும் பெரிதானது. 1981 ஆகஸ்ட் 1-ம் தேதி எம்டிவி என்ற இசைத் தொலைக்காட்சி தொடங்கிய பிறகு பாட்டைக் கேட்பதற்கு முன்பே பாடகரைப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. நார்வே நாட்டின் ஆ-ஹா குழுவின் 'டேக் ஆன் மீ' பாட்டுக்கு முதலில் எடுத்த வீடியோ சாதாரணமானது, பாட்டும் எடுபடவில்லை. பாட்டைப் புதிதாகப் பதிவு செய்தும் உடனே விடியவில்லை. பிறகு ஸ்டீவ் பேரன் இயக்கத்தில், பென்சில் ஓவியமும் நிஜ மனிதர்களும் கலந்த வீடியோ வந்தது. சுமார் 3,000 ஃப்ரேம்களை, அதாவது வீடியோவில் ஓடும் தனித்தனிப் படங்களை, கையால் வரைந்தார்கள், பதினாறு வாரம் பிடித்தது. 1985-ல் அந்தப் பாட்டு அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. காமிக்ஸ் புத்தகத்திலிருந்து கை நீட்டும் அழகன் என்றுதான் அந்தக் குழுவின் பாடகர் மார்ட்டென் ஹார்கெட்டைப் பலருக்கு இன்றும் நினைவிருக்கிறது.

பிம்பத்தை உருவாக்கும் ஊடகம் அதே வேகத்தில் உடைக்கவும் செய்யும். 1990-ல் அயர்லாந்துப் பாடகி ஷினேட் ஓ'கானரின் 'நத்திங் கம்பேர்ஸ் 2 யூ' வீடியோவுக்காகப் பாரிஸ் பூங்காவில் அவர் நடக்கும் காட்சிகளையும் எடுத்தார்கள். கடைசியில் வீடியோவை ஆக்கிரமித்தது கறுப்புப் பின்னணியில் அந்த ஒற்றை முகம்தான். இறந்துபோன தாயை நினைத்து அவர் கன்னத்தில் வழிந்த கண்ணீர் நிஜமானது. அதை வெட்டாமல் விட்டார்கள். உலகமே உருகியது. 1992 அக்டோபரில் ஒரு நேரலை நிகழ்ச்சியில் போப்பாண்டவரின் படத்தை அவர் கிழித்தார். சில நொடிகள்தான். இரண்டு வாரத்துக்குள் நியூயார்க் மேடை ஒன்றில் கூட்டத்திலிருந்து அவருக்கு எதிர்ப்புக் கூச்சல் எழுந்தது. திருச்சபைக்குள் குழந்தைகள் மீது நடந்த வன்முறையைக் கண்டித்துத்தான் அதைச் செய்தார் என்பதைப் பலர் புரிந்துகொள்ளவே வருடங்கள் ஆயின. உங்கள் மகள் இப்படிப்பட்ட வீடியோக்களை எடிட் செய்யும் வேலைக்குப் போனால் இந்தப் பொறுப்பும் அவள் கைக்கு வரும். அதை அவளிடம் இப்போதே பேசுங்கள்.

சரி, இப்போது பொறியியலுக்கு வருகிறேன். அந்தப் படிப்பின் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. கணக்கில் ஊறிய பிள்ளைகளை நானே அங்கே அனுப்பியிருக்கிறேன். ஆனால் உங்கள் வீட்டில் அதை யார் தேர்ந்தெடுத்தது? மகளிடம் கேட்டேன், "மாமா சொன்னார்" என்றாள். அப்பாவிடம் கேட்டேன், "எல்லாரும் அதைத்தான் எடுக்கிறார்கள்" என்றார். இரண்டு பதிலிலும் அந்தப் பெண் இல்லை.

மாமா சொன்ன இன்னொன்றையும் அப்பா சொன்னார்: "நான்கு வருடம் அதை முடிக்கட்டும், அப்புறம் பிடித்ததைச் செய்துகொள்ளட்டும்." கேட்க நியாயமாக இருக்கிறது. நான் பார்த்தவரை ஒரு குடும்பத்துக்குக் கிடைக்கக்கூடிய அறிவுரைகளிலேயே அதிகச் செலவு வைப்பது இதுதான். கடன் வாங்கிப் படிக்க வைக்கப் போகிறீர்கள். படிப்பு முடிந்து கொஞ்ச நாளில் தவணை தொடங்கும். எடிட்டிங் துறையில் முதல் இரண்டு மூன்று வருடம் உதவியாளராகக் குறைந்த சம்பளத்தில்தான் இருக்க முடியும். தவணை தலையில் இருக்கும்போது அந்தச் சம்பளத்துக்கு அவளால் போக முடியுமா? முடியாது. ஆகவே "அப்புறம்" என்பது வராது. கடன் வாங்காமல் அந்தக் கட்டணத்தைக் கட்ட முடியாதென்றால், அவளுக்கு விருப்பமும் இல்லையென்றால், கட்டாதீர்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பாடகி ஆவது, இயக்குநர் ஆவது, ஊடகவியல் பட்டம், இதையெல்லாம் யாரும் சொல்வார்கள், இணையத்தில் தேடினாலும் கிடைக்கும். நான் சொல்ல வந்தது பாட்டு வீடியோ எடிட்டிங். இதைப் பற்றி வீடுகளில் யாரும் பேசுவதில்லை, காரணமும் இருக்கிறது. எம்டிவி திரையின் மூலையில் பாடகர் பெயர், பாட்டின் பெயர், ஆல்பம் எல்லாம் ஆரம்பத்திலிருந்தே வந்தன. இயக்குநர் பெயரையே 1992 கடைசியில்தான் சேர்த்தார்கள். எடிட்டர் பெயர் அந்த வரிசையில் வரவில்லை. பெயர் தெரியாத வேலை என்பதால் வேலையே இல்லை என்று நினைத்துவிடுகிறோம்.

எடிட்டிங் மேசையில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். படப்பிடிப்பில் பாட்டை ஒலிபெருக்கியில் ஓடவிட்டு, பாடகரை முழுப்பாட்டுக்கும் வாயசைக்க வைப்பார்கள். தூரத்திலிருந்து ஒரு முறை, நெருக்கத்தில் ஒரு முறை, பக்கவாட்டில் ஒரு முறை, டிரம்மருக்குத் தனியாக, கிட்டார் விரல்களுக்குத் தனியாக. ஒரே பாட்டு, இருபது முப்பது டேக், அதாவது அத்தனை தனித்தனிப் பதிவுகள். உதவி எடிட்டரின் முதல் வேலை, கேமரா அட்டையில் இருப்பதைக் குறைந்தது இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுப்பது. நகல் சரியாக வந்திருக்கிறதா என்று திறந்து பார்க்காமல் அட்டையை அழித்தால் ஒரு நாள் படப்பிடிப்பே போச்சு. அடுத்தது, ஒவ்வொரு டேக்கையும் பாட்டின் மூல ஒலியோடு நூல் பிடித்தாற்போல் ஒட்டி, மென்பொருளில் நேர வரிசையைக் காட்டும் டைம்லைனில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது. அடுக்கிய பிறகு, பாட்டின் 47-வது நொடியில் நின்றால் அந்த நொடிக்கு இருக்கிற அத்தனை முகங்களும் ஒரே இடத்தில் கிடைக்கும். பின்னணி மெதுவாக மிதக்க, உதடு மட்டும் பாட்டோடு சரியாகப் பொருந்துகிற காட்சிகளைப் பார்த்திருப்பீர்கள். பாட்டை இரட்டை வேகத்தில் ஓடவிட்டு, நொடிக்கு 48 ஃப்ரேமில் படமாக்கி, 24-ல் திருப்பி ஓடவிடுவார்கள். இதை உங்கள் மகள் நோட்டில் "முடி மெதுவாக அசைகிறது, வாய் சரியாக இருக்கிறது, எப்படி?" என்று எழுதி வைத்திருக்கிறாள்.

அதற்குப் பிறகுதான் எடிட்டரின் உண்மையான வேலை. எல்லா டேக்கையும் முழுதாகப் பார்க்க வேண்டும், தாண்டக்கூடாது. வரி தொடங்கும் முன் பாடகர் மூச்சை இழுக்கும் ஒரு கணம், தப்பாக வாசித்துவிட்டு டிரம்மரைப் பார்த்துச் சிரிக்கும் ஒரு கணம், கேமராவை மறந்த ஒரு கணம், இவற்றைத்தான் அவர் தேடுவார். சிரிப்பை வைத்தால் பாடகர் நம் வீட்டுப் பிள்ளை போலத் தெரிவார். அதை எடுத்துவிட்டு, அடுத்த நொடி அவர் திரும்பிக்கொள்வதை வைத்தால் அதே மனிதர் கர்வமானவர். எந்த ஃப்ரேமில் வெட்டுவது என்பதும் அப்படித்தான். தாளம் விழும் இடத்தில் அப்படியே வெட்டினால் சில நேரம் இயந்திரத்தனமாக இருக்கும். ஓரிரு ஃப்ரேம் முன்னால் வெட்டினால் பாட்டு தள்ளிக்கொண்டு போகிற மாதிரி இருக்கும். ஒலியைத் தானாகப் பொருத்தும் மென்பொருள் இப்போது வந்துவிட்டது. அந்தச் சிரிப்பை வைப்பதா எடுப்பதா என்று ஒருவர் முடிவு செய்யத்தான் வேண்டும்.

இதற்கு நான் எப்போதும் காட்டுவது அமெரிக்கப் பாடகர் ஜானி கேஷின் 'ஹர்ட்' வீடியோ. 2003-ல் வெளியானது, இயக்கியவர் மார்க் ரோமானெக். நோயோடு இருந்த, எழுபதைத் தாண்டிய மனிதர் வீட்டில் உட்கார்ந்து பாடுகிறார். மூடிக் கிடந்த அவருடைய அருங்காட்சியகத்தில் பழைய படச்சுருள்கள் கிடைத்தன. எடிட்டிங்கில் அவற்றை இடையிடையே சேர்த்துப் பார்த்தபோது வீடியோவே வேறாகிவிட்டது. நடுங்கும் கைக்கு அடுத்து, ரயிலில் போகும் இளம் கேஷ். அதே ஆண்டு செப்டம்பரில் அவர் இறந்தார். கறுப்பு உடையில் மிடுக்காக நின்ற கன்ட்ரி இசைப் பாடகர் என்பதோடு, தன் முதுமையை ஒளிக்காமல் காட்டியவர் என்ற பிம்பமும் அவருக்குச் சேர்ந்தது. பழைய காட்சிகளைத் தேடி எடுப்பதும் உரிமை பெறுவதும்கூட இன்று தனி வேலை. நோட்டில் நொடிக்கணக்கு எழுதும் பொறுமை இருக்கிற பெண்ணுக்கு அதுவும் பொருந்தும்.

கெட்டதையும் சொல்லிவிடுகிறேன். மாத வருமானம் சீராக வராது. பணம் தாமதமாக வரும், சில சமயம் துரத்த வேண்டும். வெளியீட்டுத் தேதி நெருங்கினால் இரவு தூக்கம் இருக்காது. கண்ணும் முதுகும் போகும். தான் ஆசையாக வைத்த காட்சியை மேலாளரோ இசை நிறுவனமோ தூக்கச் சொன்னால் தூக்க வேண்டும். பாட்டு வீடியோ மட்டும் வைத்துக் குடும்பம் நடத்துவது கடினம். அதனால் இந்தத் துறையில் பலர் விளம்பரம், இசைக் கச்சேரிப் படம், ஆவணப்படம் என்று சேர்த்தே செய்கிறார்கள். கையில் இருக்கும் திறமை அங்கெல்லாம் செல்லும். ராக் என்றாலே போதையும் கூத்தும் என்று அம்மா பயந்தார். எடிட்டரின் நாள் பெரும்பாலும் ஒரு இருட்டறையில், ஹெட்போனோடு, ஒரே பாட்டை முந்நூறு முறை கேட்பதில் போகும். அந்தச் சலிப்பைத் தாங்குவாளா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

பொறியியலுக்குச் சொன்ன அதே அளவுகோல் திரைக்கலைப் பள்ளிகளுக்கும் பொருந்தும். பளபளப்பான கையேட்டைப் பார்த்துக் கடன் வாங்காதீர்கள். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பே கற்றுக்கொள்ளத் தாராளமாகப் போதும். பழையதானாலும் நல்ல நினைவகமும் கிராஃபிக்ஸ் அட்டையும் உள்ள கணினி, இரண்டு ஹார்ட் டிஸ்க், ஒரு ஹெட்போன். பட்டம் வேண்டும் என்றால் கட்டணம் குறைந்த, அவளுக்குப் பிடித்த ஏதாவது ஒரு பாடம், மாலை நேரம் மிச்சமாகிற மாதிரி. உளவியலாக இருந்தாலும் சரி, இலக்கியமாக இருந்தாலும் சரி.

முன்பணத்தை இப்போது கட்ட வேண்டாம். முதலில் மகளிடம் ஒரு வேலையைக் கொடுங்கள். அவள் வயதுப் பிள்ளைகள் நடத்தும் ஏதாவது ஒரு இசைக்குழுவைப் பிடித்து, ஒரே பாட்டை ஆறு டேக் கைபேசியில் எடுக்கட்டும். அதே காட்சிகளை வைத்து இரண்டு வீடியோ செய்யட்டும். ஒன்றில் பாடுபவர் திமிர் பிடித்தவராகத் தெரிய வேண்டும், இன்னொன்றில் கூச்சப்படுகிறவராக. புதிதாக ஒரு காட்சிகூட எடுக்கக்கூடாது. எவ்வளவு நேரம் உட்கார்ந்தாள், எங்கே எரிச்சல் வந்தது, எங்கே சாப்பாட்டை மறந்தாள் என்று நீங்கள் பக்கத்தில் இருந்து கவனியுங்கள். ஒரு வாரத்தில் அலுத்துப்போய் மூடிவிட்டால், அதையும் மறைக்காமல் என்னிடம் சொல்லுங்கள். வேறு வழி பார்ப்போம்.

முடித்துவிட்டால், இரண்டு வீடியோவையும் ஒரு நாள் இடைவெளி விட்டு மாமாவுக்குக் காட்டுங்கள், எதுவும் சொல்லாமல். அந்தப் பாடகர் எப்படிப்பட்ட ஆள் என்று இரண்டு முறையும் அவரிடம் கேட்டு, அவர் சொன்னதை அப்படியே அந்த நோட்டில் எழுதச் சொல்லுங்கள். அந்தப் பக்கத்தோடு வாருங்கள், மாமாவையும் கூட்டிக்கொண்டு.