அரைஞாண் மட்டும் மிச்சம்

கேள்வி: ஜெர்மனியில் ஆண், பெண் பேதமில்லாமல் ஆடையின்றிக் குளிப்பதும் வெயில் காய்வதும் சகஜம் என்கிறார்களே, ஒரு தமிழரால் அதைத் தன் வாழ்க்கை முறையாக ஏற்றுக்கொள்ள முடியுமா?

முடியும். ஏற்றுக்கொண்டு பத்து வருடம் ஆகிறது. ஆனால் பெயரை மறைத்துத்தான் எழுதுகிறேன். அது ஏன் என்பதும் இந்தப் பதிலின் ஒரு பகுதிதான்.

சொந்த ஊர் கரூர் பக்கம். 2014-இல் வேலைக்காக மியூனிக் வந்தேன். அடுத்த ஜனவரியில், ஊரே உறைந்து கிடந்த ஒரு வெள்ளிக்கிழமை, "எந்நேரமும் முதுகுவலி என்கிறாயே, சானாவுக்கு வா" என்று உடன் வேலை செய்பவர் அழைத்தார். மரத்தால் ஆன சூட்டறை, உள்ளே உட்கார்ந்து வியர்க்க வேண்டும் என்பது வரைக்கும் எனக்குத் தெரியும். முழங்கால் வரைக்கும் வரும் நீச்சல் டிராயர் ஒன்றைப் புதிதாக வாங்கிப் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தேன். மூன்று படிகளில் பத்துப் பன்னிரண்டு பேர். ஆணும் பெண்ணுமாக, உடம்பில் பொட்டுத் துணி இல்லாமல், துண்டை விரித்து அதன்மேல் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு ஏற்கனவே தொண்டை வறண்டுவிட்டது. எழுபது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி என் டிராயரைச் சுட்டிக்காட்டி, ரேஷன் கடை வரிசையில் குறுக்கே புகுந்தவனை அதட்டுவது போல, "அதைக் கழற்றிவிட்டு வா, சுத்தமில்லை" என்றார். அம்மண ஊரில் கோவணம் கட்டியவன் பைத்தியக்காரன் என்று எங்கள் அப்பத்தா அடிக்கடி சொல்லும். அது வெறும் பழமொழி என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

கழற்றினேன். அதன் பிறகு நடந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். துண்டைக் கீழே விரித்தால்தான் உட்கார முடியும். 'மரத்தில் வியர்வை படக் கூடாது' என்று சுவரில் எழுதியே வைத்திருக்கிறார்கள். ஆகவே மறைத்துக்கொள்ள எதுவும் இல்லை. வேட்டி நழுவினால் பிடிக்க ஓடுகிற கை, இல்லாத வேட்டியைப் பிடிக்க ஓடிக்கொண்டே இருந்தது. மடியில் வைப்பேன், எடுப்பேன், மறுபடியும் வைப்பேன். தொண்ணூறு டிகிரிச் சூட்டில் ஏழெட்டு நிமிடம் போனதும் அந்தக் கை தானாகவே சோர்ந்து விழுந்துவிட்டது. வெட்கப்படுவதற்கும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டும் போலிருக்கிறது.

நீரூற்றுகிறவர் வந்தார். யூகலிப்டஸ் தைலம் கலந்த தண்ணீரைச் சுடுகற்கள்மேல் ஊற்றி, பெரிய துண்டைத் தலைக்குமேல் சுழற்றி ஆவியை எங்கள் பக்கம் வீசினார். இதற்கு 'ஆவ்ஃப்குஸ்' என்று பெயர். அது முடியும்வரை கதவைத் திறக்கக் கூடாது, பேச்சும் கூடாது. முடிந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். வெளியே வந்து குளிர்ந்த நீர்த்தொட்டியில் முங்கி எழுந்தபோது, என்னை அழைத்து வந்தவர் என் இடுப்பைப் பார்த்து, "இது என்ன, ஏதாவது மருத்துவக் கருவியா?" என்று கேட்டார்.

அரைஞாண் கயிறு. எல்லாவற்றையும் கழற்றியவன் அதை மறந்தே போயிருக்கிறேன். அரைஞாண் இருக்கும்வரை ஒருவன் அம்மணம் இல்லை என்பது அப்பத்தாவின் சட்டம். அந்தச் சட்டப்படி பார்த்தால் அன்றைக்கு அந்த இடத்தில் உடுத்தியிருந்த ஒரே ஆள் நான்தான்.

சரி, இந்தப் பழக்கம் இவர்களுக்கு எங்கிருந்து வந்தது? 'ஃப்ரைகோர்ப்பர்குல்டூர்', சுருக்கமாக எஃப்.கே.கே. கட்டற்ற உடல் பண்பாடு என்று ஒருவாறு தமிழில் சொல்லலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில், ஆலைப்புகையும் இருண்ட குடியிருப்புகளுமாக ஜெர்மன் நகரங்கள் பெருத்தபோது, வெயிலும் காற்றும்தான் மருந்து என்று ஒரு கூட்டம் கிளம்பியது. 1898-இல் எஸ்ஸன் நகரில் இதற்கென்று ஒரு சங்கம் வந்துவிட்டது. 1920-களில் அடோல்ஃப் கோஹ் என்ற பெர்லின் ஆசிரியர் தொழிலாளர் குடும்பங்களுக்காக உடற்பயிற்சிப் பள்ளிகள் நடத்தினார், ஆடையில்லாமல்தான். முதலாளியும் தொழிலாளியும் சட்டையில்தான் வேறு என்பது அந்தப் பக்கத்தின் அரசியல். ஆனால் இந்த இயக்கத்தை மொத்தமாகத் தூக்கிக் கும்பிட வேண்டாம். ரிஷார்ட் உங்கேவிட்டர் போன்றவர்கள் இதே நிர்வாணத்தை இனத்தூய்மைப் பேச்சோடு கலந்து விற்றார்கள். 1933-இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் ஹிட்லரின் வலது கையாக இருந்த கோரிங் இதற்குத் தடை போட்டார். 1942-இல் பிறர் கண்ணில் படாத இடமென்றால் பரவாயில்லை என்று தளர்த்தினார்கள்.

எனக்குப் பிடித்த அத்தியாயம் கிழக்கு ஜெர்மனிதான். என் கீழ்வீட்டுக்காரர் பால்டிக் கடற்கரையில் வளர்ந்தவர், வயது எழுபதுக்கு மேல். 1954-இல் அங்கே கடற்கரை நிர்வாணக் குளியலைத் தடுத்துப் பார்த்தார்கள். மக்கள் கேட்கவில்லை. இரண்டே வருடத்தில், ஒதுக்கப்பட்ட இடங்களில் குளிக்கலாம் என்று அரசே ஆணை போட்டது. "வாயைத் திறக்க முடியாது, மேற்கே போக முடியாது, பத்திரிகையில் ஒன்றும் இருக்காது. டிராயரைக் கழற்ற மட்டும் முடிந்தது, அதனால் எல்லோரும் கழற்றினோம்" என்பார் அவர். சானாவும் அப்படித்தான் ஊறிப்போன பழக்கம். 1989 நவம்பர் 9 இரவு பெர்லின் சுவர் திறந்தபோது, பின்னாளில் ஜெர்மனியின் சான்சலரான, அன்றைக்குக் கிழக்கு பெர்லின்வாசியான அங்கெலா மெர்க்கெல் எங்கே இருந்தார் தெரியுமா? சானாவில். வியாழக்கிழமை தோறும் போவாராம், அன்றைக்கும் வியாழன். முடித்துவிட்டுத்தான் மேற்குப் பக்கம் எட்டிப் பார்க்கப் போனார்.

இன்னொரு சங்கதி. அறியப்பட்டவற்றிலேயே பழைய நிர்வாணச் சங்கம் ஜெர்மனியில் இல்லை, நம் நாட்டில்தான் இருந்தது. 1891, பம்பாயை அடுத்த தாணே. சார்லஸ் க்ராஃபர்ட் என்ற ஆங்கிலேய மாவட்ட நீதிபதி தொடங்கியது. மொத்தம் மூன்றே உறுப்பினர்கள், மூவருமே வெள்ளைக்காரர்கள். அந்த வெயிலில் கோட்டும் சூட்டும் போட்டு நீதிமன்றத்தில் உட்கார்ந்தவருக்கு இது தோன்றியதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

மியூனிக்கில் எங்கே என்று கேட்பவர்களுக்கு: நகரின் நடுவே இருக்கும் இங்கிலிஷர் கார்ட்டன் பூங்காவில் ஷோன்ஃபெல்ட்வீஸ என்று ஒரு புல்வெளி, இஸார் ஆற்றங்கரையில் ஃப்ளௌஹர், ஊருக்கு வெளியே ஃபெரிங்காஸே ஏரி. 2014-இல் நகராட்சியே ஆறு இடங்களைக் குறித்து இங்கெல்லாம் ஆடை தேவையில்லை என்று சொல்லிவிட்டது. மதிய இடைவேளையில் வந்து, டையைக் கழற்றி மடித்து ஷூவுக்குள் வைத்துவிட்டு, அரைமணி நேரம் வெயிலில் கிடந்துவிட்டு, மறுபடியும் டை கட்டிக்கொண்டு அலுவலகம் போகிறவர்களைப் பார்க்கலாம். பெர்லினில் டொய்ஃபல்ஸே ஏரியில் 2020-இல் ஒரு காட்டுப்பன்றி ஒருவருடைய லேப்டாப் பையைக் கவ்விக்கொண்டு ஓட, அவர் பிறந்தமேனியோடு அதைத் துரத்திய படம் உலகமெல்லாம் சுற்றியது. பை திரும்பக் கிடைத்தது.

இப்போது, எல்லோரும் கேட்க நினைத்துக் கேட்காத கேள்வி. ஆண்களுக்கு 'அது' ஆகாதா? பயத்திலும் குளிர்ந்த தண்ணீரிலும் ஆகாது. மூன்றாவது நான்காவது தடவைக்குமேல் மூளைக்கே சலித்துவிடும். அப்படி ஆகிவிட்டால் குப்புறப் படுங்கள், இல்லாவிட்டால் தண்ணீருக்குள் இறங்குங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அதைக் காட்டிக்கொண்டு நடந்தால் வெளியேற்றுவார்கள். சினிமாவிலும் விளம்பரத்திலும் நாம் பார்த்துப் பழகியது தேர்ந்தெடுத்த உடம்புகளை. இங்கே இருப்பது தொங்கிய வயிறு, சிசேரியன் தழும்பு, மாற்று மூட்டு வைத்த முழங்கால், ஒரு மார்பை அறுவைசிகிச்சையில் இழந்த பெண், முதுகெல்லாம் ரோமம் மண்டிய தாத்தா. அரைமணி நேரத்தில் எல்லாம் முகம் மாதிரி ஆகிவிடுகிறது.

சுதந்திரம் என்று நினைத்துப் போனால் ஏமாந்துபோவீர்கள். உடுத்திக்கொண்டு இருக்கும் இடத்தைவிட இங்கே கட்டுப்பாடு அதிகம். துண்டில்லாமல் எங்கும் உட்காரக் கூடாது. கேமராவைத் தொடவே கூடாது. சானா என்றால் போன் அலமாரியிலேயே இருக்க வேண்டும். உற்றுப் பார்க்கக் கூடாது, பார்க்காததுபோல் விறைத்துக்கொண்டும் இருக்கக் கூடாது. பேசுகிறவர் கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும், அவ்வளவுதான். ஓரமாக நின்று எட்டிப் பார்க்கிறவர்களுக்கு இவர்கள் 'ஷ்பானர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயரை வாங்குகிறவர்களில் நம் ஊர்ச் சுற்றுலாப் பயணிகளும் உண்டு என்பதை வயிற்றெரிச்சலோடு சொல்கிறேன். ஷோன்ஃபெல்ட்வீஸ பாலத்துப் பக்கம் நின்று, ஹிந்தியிலும் தமிழிலும் கமெண்ட் அடித்துக்கொண்டு போனை ஜூம் செய்கிற கும்பலை நானே இரண்டு முறை பார்த்திருக்கிறேன். ஒரு பெண் தனியாகப் போகலாமா என்று கேட்டால், சானாவில் தயங்காமல் போகலாம், ஏரிக்கரையில் துணையோடு போவது நிம்மதி என்பேன்.

என் மனைவி பெண்களுக்கு மட்டுமான நாளில் சானாவுக்குப் போவாள். முதல் தடவை போய்விட்டு வந்து, "நம்ம ஊர்க் கிணத்தடி மாதிரிதாங்க இருக்கு, பாவாடைய ஏத்திக் கட்டாததுதான் வித்தியாசம். அதே மாமியார் கதை, அதே முட்டிவலி" என்றாள். எல்லோரும் கலந்திருக்கும் நாளில் அவள் வருவதில்லை, நானும் கூப்பிடுவதில்லை. இதைப் படித்துவிட்டு மனைவியை வற்புறுத்தப் போகிறவர்கள் தயவுசெய்து இந்தப் பதிலைப் படிக்காததாக நினைத்துக்கொள்ளுங்கள். ஊரில் முயன்று பார்க்கலாமா என்று உள்பெட்டியில் வருகிறவர்களுக்கும் அதே பதில்தான். பாரதிய நியாய சன்ஹிதாவின் 296-ஆம் பிரிவு இருக்கிறது, பொது இடத்தில் ஆபாசம் என்று வழக்கு வரும்.

ஆனால் திருச்செந்தூர்க் கோயிலில் சட்டையைக் கழற்றிவிட்டு வரிசையில் நிற்கும்போது நமக்கு வெட்கமே வருவதில்லை, கவனித்திருக்கிறீர்களா? அதே வெற்று மார்போடு வங்கிக்குள் நுழையச் சொன்னால் உயிர் போய்விடும். எந்த இடத்தில், யார் பார்க்க என்பதில்தான் வெட்கம் இருக்கிறது. இது எனக்கு உறைத்தது 2019 ஆகஸ்டில்.

ஃபெரிங்காஸேயில் புல்மேல் துண்டை விரித்து, பாதித் தூக்கமும் பாதிப் படிப்புமாகக் கிடந்தேன். சுற்றிலும் ஐம்பது அறுபது பேர் இருந்திருப்பார்கள், அத்தனை பேரும் வெள்ளைக்காரர்கள். நான்கைந்து வருடப் பழக்கம், மேலே ஒரு நூல் இல்லை என்ற நினைப்புகூட இல்லை. தண்ணீரிலிருந்து ஒருவர் ஏறி வந்தார். மாநிறம், அடர்ந்த மீசை. வட இந்தியராக இருக்கலாம், இலங்கைக்காரராக இருக்கலாம், அரபியாகக்கூட இருக்கலாம். கண் கீழே இறங்கியது. இடுப்பில் கறுப்புக் கயிறு, அதில் சின்ன வெள்ளித் தாயத்து.

என் கை துண்டுக்கு ஓடியது. அதே கை, நான்கு வருடம் முன்னால் சானாவில் ஓடிய அதே வேகம். இத்தனை வருடம் பாட்டிகள், மேலாளர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் முன்னால் சும்மா கிடந்த கை. அவரும் என் இடுப்பைப் பார்த்துவிட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. அப்படியே திரும்பித் தண்ணீருக்குள் இறங்கி, கழுத்தளவில் நின்றுகொண்டு எதிர்க்கரையைப் பார்க்க ஆரம்பித்தார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு நான் சைக்கிளை எடுத்தேன்.

மறுவருடம் ஜனவரி, தமிழர்கள் கூடி வைத்த பொங்கல் விழா. பந்தியில் இலைக்கு இலை சாம்பார் ஊற்றிக்கொண்டு வந்தவர் என் முன்னால் வந்ததும் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். பட்டு வேட்டி, முழுக்கைச் சட்டை, அதே மீசை. "இன்னும் கொஞ்சம் விடட்டுங்களா?" என்றார். "போதுங்க" என்றேன். என் மனைவி, "இவரத் தெரியுமாங்க உங்களுக்கு?" என்று கேட்டாள். "தெரியாதே" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

கை கழுவுகிற இடத்தில் என்னை மடக்கினார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "ஏங்க, வெயில் வந்துட்டா நீங்க சனிக்கிழமை போங்க. நான் ஞாயித்துக்கிழமை போய்க்கிறேன்" என்றார்.

இன்றுவரை அந்த ஒப்பந்தம்தான் நடக்கிறது.