‘அம்பேல்’ சொன்னால் வேலை போய்விடுமா?

கேள்வி: எனக்கு மூன்று பிள்ளைகள், வயது 12, 9, 6. துணி மடிக்கக் கூப்பிட்டால் பெரியவன் ‘நான் அம்பேல்’ என்கிறான், அடுத்தவள் ‘நானும்’ என்கிறாள். கடைக்குட்டி வாய் திறப்பதற்குள் வேலை அவன் தலையில் விழுந்துவிடுகிறது. இந்த வார்த்தையையே வீட்டில் தடை செய்துவிடலாமா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: தடை வேண்டாம். தடுத்தால் ‘வயிறு வலிக்குதும்மா’ வரும். அதற்கு அம்பேலே தேவலை. பிள்ளைகள் அந்தச் சொல்லைப் போங்காகப் பயன்படுத்துகிறார்கள், அவ்வளவுதான்.

ஓடிப்பிடித்து ஆடும்போது செருப்பு வார் அறுந்தால் அம்பேல். தண்ணீர் குடிக்கப் போனால் அம்பேல். அந்த நேரத்தில் தொட்டால் அவுட் கிடையாது. காரியம் முடிந்ததும் திரும்பி வந்தாக வேண்டும். ‘ஐ ஆம் ஆன் பெயில்’ என்பதுதான் தேய்ந்து அம்பேல் ஆனது என்று சொல்வதுண்டு. கதையோ நிஜமோ, பொருள் கச்சிதம்: ஜாமீனில் போனவர் வாய்தாவுக்கு வர வேண்டும். ஒரேயடியாக விலகுவதற்கு ‘ஆட்டைக்கு வரலை’ என்று வேறு பேச்சு இருக்கிறது.

ஆகவே அம்பேல் கேட்டால் பத்து நிமிடம் கொடுங்கள், காரணம் சொன்னால் மட்டும். அவன் பங்குத் துணி அவன் படுக்கும் இடத்திலேயே குவிந்து கிடக்கட்டும். ஒன்பது மணிக்கு மனசு கேட்காமல் நீங்களே மடித்து வைத்தீர்களானால் எல்லாம் பாழ்.

குப்பை கொட்டுவது போல ஒருவர் மட்டும் செய்யும் வேலைக்கு சா பூ த்ரீ: மூவரும் ஒரே நேரத்தில் உள்ளங்கையோ புறங்கையோ மேலே தெரியும்படி கையை நீட்ட வேண்டும். மூன்று கைகள் விழக்கூடிய 8 விதங்களில் 6-ல் ஒருவர் தனித்து நிற்பார், அவர் தப்பித்தார். மூன்றும் ஒரே மாதிரி விழுந்தால் மறுபடி. மிச்சமுள்ள இருவருக்குப் புளியங்கொட்டையை மூடிவைத்து ‘ஒத்தையா ரெட்டையா’ போதும். பெரியவன் கையை அரை நொடி பிந்தித் திருப்புகிறானா என்று பாருங்கள். இந்த ஆட்டத்தின் பிரதானத் திருட்டு அதுதான். கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டச் சொன்னால் தீர்ந்தது.

ஆறு வயதுக்காரன் துணி மடிப்பதில் ‘ஒப்புக்குச் சப்பாணி’. சொல் கொஞ்சம் கடுமைதான், வீட்டில் ‘ஒப்புக்கு’ என்றாலே போதும். ஆட்டத்தில் இருப்பான், அவுட் கணக்கு மட்டும் கிடையாது. கைக்குட்டையும் சாக்ஸ் ஜோடி சேர்ப்பதும் அவனுக்கு. கோணலாக மடித்தாலும் பிரித்து மறுபடி மடிக்காதீர்கள். பெரியவர்கள் இருவரும் போர்வையை அவன் பக்கம் தள்ளினால், அது போங்கு.