ஊக்கி இருந்தால் தாக்கம் ஏன் வேகமாக நடக்கிறது?

ஊக்கி என்பது, தான் செலவாகாமல் இரசாயனத் தாக்கத்தை விரைவாக்கும் பொருள். உடலுக்குள் அந்த வேலையைச் செய்பவை நொதியங்கள்.

தாக்கம் நடக்க மூலக்கூறுகள் ஒரு சக்தித் தடையைத் தாண்ட வேண்டும். ஊக்கி, தடை குறைந்த வேறொரு வழியைத் திறக்கிறது. திருகோணமலைக்காரருக்குச் சொல்வதென்றால், கிண்ணியாப் பாலம் மாதிரி. 2009இல் அது திறக்கும்வரை படகுக்குக் காத்துக் கிடந்தோம். இப்போதும் அதே இரு கரைகள்தான், ஆனால் கடப்பது எவ்வளவு சுலபம்! எத்தனை பேர் போனாலும் பாலம் தீர்ந்துவிடுவதில்லை.

போத்தலில் சும்மா கிடக்கும் ஐதரசன் பரவொட்சைட்டு காயத்தில் பட்டதும் நுரைக்கிறதே, அது இரத்தத்திலுள்ள கற்றலேசு நொதியத்தின் கைவரிசை.

ஊக்கி சேர்த்தால் விளைபொருள் கூடக் கிடைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, பாலத்தைப் போல அதுவும் இரு திசைக்கும் உதவுவதால் சமநிலை, அதாவது முன்னும் பின்னும் தாக்கம் ஒரே வேகத்தில் நடக்கும் நிலை, மாறாது, சீக்கிரம் எட்டும், அவ்வளவுதான்.