மெத்தென்ற சீட்டில் ஏன் வலிக்கிறது?

கேள்வி: பாயான் லெப்பாசில் இருக்கிறேன், வயது 47. ஞாயிறுதோறும் ரோட் சைக்கிளில் பினாங்குத் தீவைச் சுற்றி வருகிறேன். ஒரு மணி நேரம் ஆனதும் உட்கார முடியாத வலி. சில நாள் முன்பக்கம் மரத்தும் போகிறது. சீட்டுக்கு ஜெல் உறை போட்டேன், இன்னும் மோசமாகிவிட்டது. பெரிய, மெத்தென்ற சீட்டாக மாற்றிவிடலாமா?

பதில்: வேண்டாம். முதலில் அந்த ஜெல் உறையைக் கழற்றுங்கள்.

சைக்கிளில் உங்கள் எடையைத் தாங்க வேண்டியவை பிட்டத்துக்கு அடியில் உள்ள இரண்டு எலும்பு முனைகள். மரப்பலகையில் உட்கார்ந்து லேசாக அசைந்து பாருங்கள், தட்டுப்படும். மெத்தை தடிமனாக இருந்தால் அவை அதில் அமிழ்ந்துவிடும். நடுப்பகுதி மேலே பிதுங்கி, இரு தொடைக்கும் நடுவிலுள்ள மென்மையான இடத்தை அழுத்தும். பிறப்புறுப்புக்குப் போகும் நரம்பும் இரத்தக்குழாயும் அந்த வழியாகத்தான் ஓடுகின்றன. எலும்பு வலியைக்கூடக் கொஞ்சம் பொறுக்கலாம், மரத்துப்போவதைப் பொறுக்கவே கூடாது. மரக்க ஆரம்பித்ததும் எழுந்து நின்று மிதியுங்கள். இறங்கி வெகுநேரமாகியும் உணர்வு திரும்பவில்லையென்றால் டாக்டரைப் பாருங்கள்.

புதிய சீட் வாங்குமுன் இப்போதிருக்கும் சீட்டின் உயரத்தைச் சரிபாருங்கள். என் அனுபவத்தில் பாதிப் பேருக்குக் கோளாறு இங்கேதான். சுவரைப் பிடித்தபடி ஏறி உட்கார்ந்து, குதிகாலைப் பெடலில் வையுங்கள். பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். அதற்காக இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்தால் சீட் உயரம் அதிகம். ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு ஆடி, தொடையிடுக்கு உராய்ந்துகொண்டே வரும். ஒரேயடியாக இறக்காமல் 3 மில்லிமீட்டர், 5 மில்லிமீட்டராக இறக்குங்கள். பழைய உயரத்தில் ஒரு டேப் ஒட்டி வைத்தால் திரும்பிப் போக வசதி.

அடுத்து சாய்வு. சீட்டைச் சமமாக வைத்துத் தொடங்குங்கள். மரத்துப்போவது நிற்கவில்லையென்றால் சீட்டின் முன்முனையை ஒன்றிரண்டு டிகிரி மட்டும் தாழ்த்தலாம். அதற்கு மேல் தாழ்த்தினால் உடல் முன்னால் வழுக்கி, பாரம் உள்ளங்கைக்குப் போய்விடும். ஹேண்டில் எட்டாத தூரத்தில் இருந்தாலும் இடுப்பு முன்னால் கவிழ்ந்து அதே மென்மையான இடம்தான் நசுங்கும், அதையும் பாருங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். தெலுக் பஹாங்கிலிருந்து பாலிக் பூலாவுக்குப் போகும் மேட்டில் வலி அவ்வளவாகத் தெரியாது. அங்கே கால் அழுத்தி மிதிப்பதால் எடையில் ஒரு பங்கு பெடலுக்குப் போய்விடுகிறது. மேடெல்லாம் முடிந்து சமதளத்தில் காலை லேசாகச் சுழற்றும்போதுதான் முழுப் பாரமும் சீட்டில் இறங்குகிறது. ஆகவே சமதளத்தில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நீங்களாகவே எழுந்து நில்லுங்கள். வலி வரும்வரை காத்திருக்காதீர்கள்.

இவ்வளவும் செய்து இரண்டு ஞாயிறு ஓட்டிய பிறகும் வலித்தால், சீட்டின் அகலம் உங்களுக்குப் பொருந்தவில்லை என்று பொருள். மளிகைக் கடையில் ஒரு நெளி அட்டைப்பெட்டி வாங்கி, ஒரு துண்டை வெட்டிக் கெட்டியான நாற்காலியில் போடுங்கள். குதிகாலை உயர்த்தி, முன்னால் குனிந்து ஒரு நிமிடம் உட்காருங்கள். அட்டையில் இரண்டு குழி விழும். ஒன்றின் நடுவிலிருந்து மற்றதன் நடுவுக்கு அளந்து, அதோடு 20 முதல் 30 மில்லிமீட்டர் கூட்டுங்கள். உங்கள் அளவு 118 என்றால் 140, 145 அகலமுள்ள சீட்டைப் பாருங்கள். அதைவிட அகலமானது உள்தொடையை உரசும். மரத்துப்போகிறவருக்கு நடுவில் பள்ளமோ திறப்போ உள்ள சீட் நல்லது. சில நாள் ஓட்டிப் பார்க்கத் தரும் கடை கிடைத்தால் விடாதீர்கள்.

பிரூக்ஸ் பி17 போன்ற தோல் சீட்டை நண்பர்கள் சிபாரிசு செய்வார்கள். ஓட்ட ஓட்ட உங்கள் எலும்புக்கேற்பப் படியும் அருமையான பொருள்தான். ஆனால் நனைந்த தோலில் உட்கார்ந்து ஓட்டினால் தொய்ந்துவிடும், நம் ஊர் ஈரத்தில் பூஞ்சையும் பிடிக்கும். தினமும் துடைத்துப் பராமரிக்க நேரமில்லாதவருக்கு நான் சொல்லமாட்டேன்.

கடைசியாக உடை. இந்தப் புழுக்கத்தில் வியர்வை பாதி வேலையைக் கெடுத்துவிடும். பேட் வைத்த சைக்கிள் கால்சட்டைக்குள் உள்ளாடை போடாதீர்கள். அதன் தையல்தான் தோலை அறுக்கிறது. வீடு திரும்பியதும் அந்தக் கால்சட்டையோடு காப்பி குடிக்க உட்காராமல் கழற்றித் துவைத்து, நன்றாகக் காயப்போடுங்கள். உரசும் இடத்தில் புறப்படுமுன் சைக்கிள் கடையில் விற்கும், உராய்வைக் குறைக்கும் கிரீமைத் தடவிக்கொள்ளலாம். கொப்புளம் வந்துவிட்டால் அது ஆறும்வரை அந்த வாரச் சுற்றை விட்டுவிடுங்கள்.