மாயவாசலுக்கு எந்தச் சொல் பொருந்தும்?

கேள்வி: வேலூரை வைத்து ஒரு மாயக்கதை எழுதுகிறேன். கல்லூரி மாணவி ஒருத்தி மே மாத மதியம் கோட்டை அகழி ஓரமாக நடந்து போகிறாள். மதில் சுவரில் வேறு உலகத்துக்குப் போகும் வழி ஒன்று திறக்கிறது. ‘மர்மமான, பிரகாசமான, நீலநிறச் சுழல் ஒன்று அவள்முன் தோன்றியது’ என்று எழுதியிருக்கிறேன். படித்தவர்கள் ‘வீடியோ கேம் மாதிரி இருக்கு’ என்கிறார்கள். போர்ட்டல் என்றே எழுதலாமா, தமிழில் சொல் உண்டா? வர்ணிக்க என்னென்ன சொற்கள் எடுக்கலாம்? (காட்பாடி வாசகர்)

பதில்: முதலில் இடத்தைச் சரிசெய்யுங்கள். அகழி ஓரமாக வெளியே நடப்பவளுக்கு மதில், தண்ணீருக்கு அக்கரையில் இருக்கும். கைநீட்டித் தொட முடியாது. அவளைக் கோட்டைக்குள்ளே விட்டு, மதிலின் உட்புறமாக நடக்கவிடுங்கள்.

அடுத்து அந்த வாக்கியம். மூன்று அடைமொழி போட்டிருக்கிறீர்கள், மூன்றில் ஒன்றுகூட வேலூருக்குச் சொந்தமில்லை. கத்தரி வெயிலில் மதியம் இரண்டு மணிக்குக் கருங்கல் மதில் அனல் கக்கும். கண் தானாகவே கூசும். அங்கே ‘பிரகாசமான’ ஒன்று திறந்தால், உச்சிவெயிலில் டியூப்லைட் எரிந்த மாதிரி, யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். அந்த நேரத்தில் உடம்பு உடனே கண்டுகொள்வது குளிர்ச்சியை. அதற்கடுத்து, இருக்கக்கூடாத இடத்தில் இருக்கும் நிழலை. வெளிச்சத்தை இரவுக் காட்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ‘மர்மமான’ என்பதை அடித்தே விடலாம். ‘அமானுஷ்யமான’, ‘விவரிக்க முடியாத’, ‘மாயாஜால’ எல்லாம் அதே குடும்பம்தான். பார்த்ததைச் சொல்லாமல், பார்த்தவர் என்ன நினைக்க வேண்டும் என்று கட்டளையிடும் சொற்கள் அவை.

பெயர் விஷயம். ‘போர்ட்டல்’ என்றதும் இன்றைக்குப் பலருக்குப் பட்டா பார்க்கிற, விண்ணப்பம் போடுகிற இணையதளம்தான் நினைவுக்கு வரும். உங்கள் மாணவி பேச்சில் ஒருமுறை அந்தச் சொல்லைச் சொல்லட்டும், இயல்பாக இருக்கும். கதைசொல்லிக்குத் தனியாக ஒரு சொல் வேண்டும். அதை அந்த வழி எப்படிப்பட்டது என்பதைப் பார்த்து எடுங்கள். தரைக்குள் இறங்கினால் ‘பிலம்’. கம்பராமாயணத்தில் வானரங்கள் நுழைந்து வழி தெரியாமல் தவிக்கும் பகுதிக்குப் பெயரே ‘பிலம் புக்கு நீங்கு படலம்’. ஒளிந்து போகிற குறுகிய நிலத்தடி வழி என்றால் ‘சுருங்கை’. பெரிய கோட்டைக் கதவுக்குள்ளேயே ஓர் ஆள் மட்டும் குனிந்து போக வைத்திருக்கும் சின்னக் கதவு ‘திட்டிவாசல்’. உங்கள் கதைக்கு அதையே சிபாரிசு செய்வேன்: கோட்டையில் பொருந்தும், பலருக்கும் புதிதாக ஒலிக்கும், சொல்லிலேயே ரகசியம் இருக்கிறது. கதை ஜவ்வாது மலைக்கு ஏறினால் ‘கணவாய்’ போதும். ஒரு சொல்லைத் தேர்ந்தபின் மாற்றாதீர்கள். ஒரே பக்கத்தில் வாசல், துவாரம், நுழைவாயில், சுழல் என்று நான்கு பெயர் வந்தால், நான்கு வழி இருப்பதாக வாசகர் எண்ணிவிடுவார்.

இனி முக்கியமானது, வினைச்சொல். மாயவாசலை வர்ணிக்கும் வேலையில் பெரும்பங்கு வினைக்குத்தான். அடைமொழி கடைசியில் வருகிற ஒப்பனை. ‘தோன்றியது’ எதையும் சொல்லாத வினை. ‘திறந்தது’ என்றால் அந்தப் பக்கம் யாரோ இருக்கிறார்கள். ‘கிழிந்தது’ என்றால் நடக்கக்கூடாதது நடந்துவிட்டது. விளிம்பு பிசிறடிக்க வேண்டும், மூடும்போது தையல் விழ வேண்டும். ‘அவிழ்ந்தது’ என்பதில் முடிச்சும் உண்டு, பூவும் உண்டு. அது மென்மையான வாசல். ‘பிளந்தது’ என்றால் ஓசையும் தூசியும் வந்தாக வேண்டும். தன்வினை பிறவினையையும் கவனியுங்கள். ‘சுவர் விரிந்தது’ என்றால் தானாக நடந்தது. ‘சுவரை விரித்தது’ என்று எழுதினால் ஏதோ ஒன்று விரித்திருக்கிறது, அது யார் என்று கதை பதில் சொல்ல வேண்டிவரும். ‘திறக்கப்பட்டது’ வேண்டாம், அரசு விழா அழைப்பிதழ் போலிருக்கும்.

வேலூர்க்காரர் கையில் இன்னொரு வினை இருக்கிறது: ‘ஊறுதல்’. பாலாறு மேலே வெறும் மணல். தோண்டினால் அடிமணல் முதலில் கறுத்து ஈரமாகும், பிறகு குழியின் ஓரம் சரியும், அதற்கப்புறம்தான் தண்ணீர் சத்தமில்லாமல் ஏறி வரும். அந்த வரிசையை அப்படியே வாசலுக்குக் கொடுங்கள்: நிறம் மாறுகிறது, விளிம்பு தளர்கிறது, பிறகு உள்ளிருந்து வருகிறது. மின்னலும் சுழலும் இல்லாமலே வாசகர் மூச்சைப் பிடிப்பார்.

விளிம்பை எழுத நம் வீட்டுக் கதவின் உறுப்புகள் போதும். நிலை, நிலைக்கால், வாசற்படி, தாழ்ப்பாள், நாதாங்கி. கீல் இல்லாத பழைய கதவுகள் கல்லில் குடைந்த குழிக்குள் ‘குடுமி’ என்கிற கதவு முளை சுழன்று திறக்கும். எல்லா உறுப்பையும் காட்ட வேண்டாம். ஒன்றே ஒன்று இருந்து மற்றவை இல்லாமலிருப்பதுதான் அச்சம் தரும்: சுவரே இல்லாத வெட்டவெளியில் ஒரு வாசற்படி மட்டும் தேய்ந்து கிடக்கிறது, பலர் மிதித்த தேய்மானத்தோடு. அளவையும் உடம்பை வைத்தே சொல்லுங்கள். ‘பெரிய’, ‘பிரம்மாண்டமான’ என்றால் கண்ணில் நிற்காது. ‘ஒரு முழ அகலம்’ என்றால் ஒன்றரை அடி, ஒருக்களித்துத்தான் நுழைய முடியும் என்று வாசகரின் தோளுக்கே தெரியும்.

மேற்பரப்புக்கு வருவோம். நீலம் என்று மொட்டையாக எழுதாதீர்கள். ஆரணிப் பட்டுத்தறியில் பாவு (நீளவாட்டு நூல்) ஒரு நிறம், ஊடை (குறுக்கு நூல்) வேறு நிறம் போட்டு நெய்வார்கள். நேராகப் பார்த்தால் ஒன்று, சாய்த்துப் பார்த்தால் இன்னொன்று. மயில்கழுத்து அப்படிப்பட்டதுதான், பச்சையா நீலமா என்று கடைசிவரை தீராது. மாயவாசலுக்கு இதைவிடப் பொருத்தமான நிறம் தேடினாலும் கிடைக்காது. மினுங்குகிற சொற்களையும் மாற்றிப் போடக்கூடாது. ‘மினுமினு’ சின்ன, விட்டுவிட்டு வரும் ஒளி. ‘பளபள’ வழவழப்பான பரப்பு வெளிச்சத்தைத் திருப்புவது. ‘தகதக’ பொன்னும் நெருப்பும். ஒரு பத்திக்கு ஓர் இரட்டைக்கிளவி போதும், இரண்டாவது வந்தால் குழந்தைப் பாட்டாகிவிடும்.

கானலைப் பயன்படுத்த நினைத்தால் அதன் இயல்பு தெரிந்து பயன்படுத்துங்கள். தரையை ஒட்டிய காற்று சூடாகி அடர்த்தி குறைகிறது, ஒளி வளைகிறது, பின்னாலிருப்பது நெளிகிறது. ஆகவே நெளிய வேண்டியது மதிலின் கல் இணைப்புக் கோடுகள். இன்னொன்று, கிட்டப் போனால் கானல் பின்வாங்கும். உங்கள் வாசல் பின்வாங்காமல் அதே இடத்தில் நின்றால் அதுதான் விபரீதம். அதை ஒரு வரியில் சொல்லுங்கள், ‘விசித்திரமாக’ என்று சேர்க்காதீர்கள்.

ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு என்று ஊரை இல்லாததால் அறிமுகம் செய்யும் சொலவடை வேலூருக்கு உண்டு. (ஜலகண்டேஸ்வரர் கோயிலில் 1981இல் மறுபடி லிங்கம் வைத்தாயிற்று, சொலவடைதான் போகமாட்டேன் என்கிறது.) அந்த உத்தி உங்களுக்கு உதவும். நிழல் விழாத, காகம் உட்காராத, வெளியே ஓயாத பஸ் ஹாரன் கேட்காத என்று எதிர்மறையில் ஒன்றைச் சொன்னாலே இடம் வேறாகிவிடும். ஒன்றை மட்டும். மூன்றையும் அடுக்கினால் பட்டியல்.

அந்தப் பக்கம் எது என்று நீங்கள் சொல்லவில்லை. அதுதான் மணத்தையும் ஓசையையும் தீர்மானிக்கும். உதாரணமாக, அது 1806 ஜூலை 10 விடியற்காலைக் கோட்டை, சிப்பாய்ப் புரட்சி நாள் என்று வைத்துக்கொண்டால், இந்தப் பக்கம் மதிய வெயில், அந்தப் பக்கம் மின்விளக்கே அறியாத இருட்டு. வெடிமருந்தின் கந்தக வாடை முதலில் வர வேண்டும், துப்பாக்கிச் சத்தம் அதற்குப் பின்னால். பொழுது புலர்ந்தபின் வாசல் திறந்தால் குதிரைக் குளம்பொலி. புரட்சியை அடக்க ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லஸ்பியின் குதிரைப்படை வந்தது அன்று காலைதான்.

முதல் காட்சியை ஆறேழு வாக்கியத்தில் முடியுங்கள். இப்படி எழுதிப் பார்க்கலாம்:

‘மதிலில் பட்டுத் திரும்பிய வெயில் முகத்தில் அறைந்தது. துப்பட்டாவை நெற்றிவரை இழுத்துவிட்டு நடந்தாள். கொத்தளத்தைத் தாண்டும்போது கணுக்காலில் சில்லென்று பட்டது. குனிந்தாள். இரண்டு கல்லுக்கு நடுவிலிருந்து குளிர் ஊறிக்கொண்டிருந்தது. கல்லின் விளிம்பு ஈரத்துணியின் ஓரம்போல மெல்லத் தொய்ந்தது. தொடப் போன கைக்கு நிழல் இல்லை.’

ஓர் உவமை, ஓர் எதிர்மறை, ஒரு புதிய வினை. வெளிச்சமே இல்லை. வாசல் என்ற சொல்கூட இன்னும் வரவில்லை. அது அடுத்த பத்தியில், அவளுக்கு அது என்னவென்று புரியும்போது வரட்டும். இரண்டாம் முறை அதே வாசல் வரும்போது குளிர் மட்டும் போதும், மூன்றாம் முறைக்கு ஒரு சொல்.

பாத்திரங்களின் வாய்க்குக் கதைசொல்லியின் சொற்களைக் கொடுக்காதீர்கள். கோட்டைக்குள் சுண்டல் விற்கும் பையன் ‘பரிமாணம்’ என்று பேசமாட்டான். ‘அக்கா, அந்தச் செவுத்துல இன்னாமோ கீது, கிட்ட போவாத’ என்பான். உங்கள் ஒரு பக்க வர்ணனையைவிட அந்த வரிக்கு வாசகர் அதிகம் பயப்படலாம். பயப்படட்டும்.

மூடுகிற காட்சியை எழுதுமுன் திறந்த காட்சியை எடுத்து வினையைப் பாருங்கள். ஊறி வந்தது வற்ற வேண்டும், அவிழ்ந்தது முடிச்சிட்டுக்கொள்ள வேண்டும், கிழிந்தது தழும்பு விட்டுப் போக வேண்டும். பெரும்பாலான கையெழுத்துப் படிகளில் எல்லா வாசலும் ‘மறைந்தது’ என்றே முடிகிறது. உங்கள் படியிலும் அந்தச் சொல்லைத் தேடி, எத்தனை இடம் வருகிறதோ அத்தனையையும் மாற்றிவிட்டு அனுப்புங்கள்.