கீமோவோடு ரிட்டுக்ஸிமாப் எதற்கு? கேள்வி பதில்

புற்றுநோய் வார்டில் பல வருடம் தாதியாக இருந்தவள் நான். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்திலிருந்து வந்த கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். எந்த மருந்து, எவ்வளவு என்று தீர்மானிப்பது உங்கள் வைத்தியர்தான்.

களுவாஞ்சிகுடி: அப்பாவுக்கு 64 வயது. பெரிய பி செல் லிம்போமா, அதாவது வெள்ளை அணுக்களில் வரும் ஒரு புற்றுநோய் என்று ‘ஆர்-சாப்’ எழுதியிருக்கிறார்கள். கீமோ மட்டும் போதாதா அக்கா?

தம்பி, ‘சாப்’ என்பது சைக்ளோபொஸ்பமைட், டொக்ஸோரூபிசின், வின்கிரிஸ்டின், பிரெட்னிசொலோன் சேர்ந்த பழைய கூட்டு. வேகமாகப் பெருகும் எந்தச் செல்லையும் அடிக்கும். முடி கொட்டுவதும் அதனால்தான். முன்னால் வரும் ‘ஆர்’ ரிட்டுக்ஸிமாப். இது கீமோ இல்லை, ஆன்டிபாடி, அதாவது நோயெதிர்ப்புப் புரதம். பி செல் என்ற வெள்ளை அணுவின் மேலுள்ள சிடி20 என்ற புரதத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் அந்தச் செல்லை அழிப்பதில் உடம்பின் எதிர்ப்புச் சக்தியும் சேர்ந்துகொள்ளும். இதே நோயில் 60 முதல் 80 வயதானவர்களை வைத்துச் செய்த ஆய்வொன்று 2002இல் வந்தது. சாப் மட்டும் பெற்றவர்களில் 63 வீதமானோருக்கு நோய் தென்படாமல் போனது. ரிட்டுக்ஸிமாப் சேர்த்தவர்களில் 76 வீதம். அப்பாவின் வயதும் அதற்குள்தானே.

ஏறாவூர்: முதல் ரிட்டுக்ஸிமாப் சேலைன் ஏறும்போது வாப்பாவுக்குக் குளிர் நடுக்கம். இனி வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?

அவசரப்படாதீங்க. முதல் தடவையில் அது அடிக்கடி நடப்பதுதான். அதற்காகத்தான் முன்கூட்டியே பனடோலும், ஒவ்வாமைக்கான பிரிட்டோனும் கொடுத்து, மெதுவாக ஏற்றுவது. நடுங்கினால் நிறுத்தி, அடங்கியதும் வேகத்தைக் குறைத்துத் தொடங்குவார்கள். அடுத்த தடவை பெரும்பாலும் இவ்வளவு இராது. மூச்சு முட்டினாலோ தோல் தடித்தாலோ உடனே தாதியைக் கூப்பிடுங்கள்.

அக்கரைப்பற்று: உம்மாவுக்கு ஈரலில் ஒரு வருத்தமும் இல்லை. ஏன் ஹெபடைடிஸ் பி சோதனை?

நல்ல கேள்வி. பலர் இதை வீண் சோதனை என்று நினைக்கிறார்கள். எப்போதோ வந்து அடங்கிய வைரஸ் ஈரலில் சத்தமில்லாமல் இருக்கலாம். ரிட்டுக்ஸிமாப் பி செல்களை வெறுமையாக்கும்போது அது மறுபடி கிளம்பி ஈரலையே கெடுத்துவிடும், உயிர் போனதும் உண்டு. முன்பே தெரிந்தால் தடுப்பு மாத்திரை கொடுத்துக்கொண்டே சிகிச்சை செய்யலாம். ரிப்போர்ட் இன்னும் வரவில்லையென்றால் நீங்களே கேளுங்கள், கூச்சப்படவே வேண்டாம்.

கல்முனை: மாரியில் காய்ச்சல் வந்தால் டெங்கு என்று பப்பாசி இலைச் சாறு கொடுத்துப் பார்க்கலாமா?

கூடவே கூடாது! கீமோ ஏற்றி ஒன்று, இரண்டு கிழமைக்குள் வெள்ளை அணுக்கள் மிகவும் குறையும். அந்த நேரத்தில் 38 பாகை காய்ச்சல் என்றாலே அவசரம். பனடோல் போட்டுக் காய்ச்சலை மறைக்காமல், நடுச்சாமம் என்றாலும் கிட்டிய பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வாசலிலேயே “கீமோ நடக்கிறது, கடைசியாக ஏற்றியது இந்தத் திகதி” என்று சொல்லுங்கள். கிளினிக் கொப்பியும் கையில் இருக்கட்டும்.

வாழைச்சேனை: சிறுநீர் சிவப்பாகப் போகிறது, இரத்தமா?

ஏற்றிய அன்றோ மறுநாளோ என்றால் பெரும்பாலும் டொக்ஸோரூபிசினின் நிறம். தண்ணீர் நிறையக் குடியுங்கள். அதற்குப் பிறகும் போனால், அல்லது எரிந்தால், காட்ட வேண்டும்.

செங்கலடி: சட்டித் தயிர் சாப்பிடலாமா?

நம்மூர் எருமைத் தயிரை விடச் சொல்ல எனக்கே மனம் வராது. ஆனாலும் அணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் தெருவோரத்துச் சட்டி வேண்டாம். இரத்த ரிப்போர்ட் தேறட்டும்.