எக்செல்லில் ஒரு செல் தவறினால் தேர்வே போய்விடுமா?

காப்பீடு, ஓய்வூதியம் போன்றவற்றின் நிதி அபாயங்களைக் கணக்கிடுவது ஆக்சுவரியல் துறை. அதில் எக்செல்லில் கணக்கு மாதிரி (மாடல்) கட்டும் சிபி2 என்ற மாடலிங் தேர்வு குறித்து வாசகர்கள் கேட்டவையும், துறையில் இருப்பவர்கள் தரும் பதில்களும்.

கேள்வி: சிபி2 தேர்வுக்குப் படிக்கிறேன். எக்செல்லில் ஒரு ஃபார்முலா தவறினால் அதைத் தொடரும் விடைகள் எல்லாமே தவறுமே, மதிப்பெண்ணும் அப்படியே போய்விடுமா?

போகாது. பொதுவாக ஒரு பிழைக்கு ஒருமுறைதான் மதிப்பெண் குறையும். பின்னால் வரும் படிகளில் எண் மாறியிருந்தாலும், முறை சரியாக இருந்தால் அவற்றுக்குரிய மதிப்பெண் கிடைக்க வாய்ப்புண்டு. ஆனால் திருத்துபவருக்கு அந்த முறை கண்ணில் பட வேண்டும். ஐந்து கணக்குகளை ஒரே ஃபார்முலாவில் திணித்தாலோ, 0.05 என்ற எண்ணை ஃபார்முலாவுக்குள்ளேயே தட்டிவிட்டாலோ, எங்கே பிசகியது என்று அவரால் பிரித்துப் பார்க்க முடியாது. வட்டி, பணவீக்கம், சம்பள உயர்வு மூன்றும் அனுமானங்களுக்கான தனி ஷீட்டில் இருக்கட்டும்.

உண்மையில் பயப்பட வேண்டியது, சின்னப் பிழை முடிவையே மாற்றிவிடும் இடத்துக்குத்தான். 10 ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 1,000 வாங்குவதா, இன்றே 7,900 வாங்குவதா என்று ஒருவர் தேர்வு செய்ய வேண்டும், வட்டி 5%. தவணை ஆண்டு இறுதியில் வந்தால் பத்துத் தவணைகளின் இன்றைய மதிப்பு (வட்டியைக் கழித்து இன்றைய பணத்தில்) சுமார் 7,722. ஆண்டுத் தொடக்கத்தில் வந்தால் சுமார் 8,108. முதல் கணக்கில் மொத்தத் தொகை மேல், இரண்டாவதில் தவணை மேல். வித்தியாசம் ஒரே ஓர் ஆண்டு வட்டிதான், பரிந்துரை தலைகீழாகிறது. தவணை எப்போது வருகிறது என்பதைக் கேள்வித்தாளில் அடிக்கோடிட்டு, ஆடிட் டிரெய்லில் (மாடலை எப்படிக் கட்டினீர்கள் என்று விளக்கும் குறிப்பில்) ஒரு வரியாக எழுதிய பிறகே கணக்கில் கை வையுங்கள்.

கேள்வி: வரைபடத்தைப் பார்த்தாலே பிழை தெரிந்துவிடாதா?

பல பிழைகள் தெரியாது. 3% சம்பள உயர்வை ஓராண்டு முன்னதாகத் தொடங்கினால், அதிலிருந்து ஒவ்வோர் ஆண்டுச் சம்பளமும் ஒரே மாதிரி 3% கூடுதலாக இருக்கும். கோடு வழவழப்பாகவே போகும். ஆண்டுக்கு 6% பயன் வட்டிக்கு (கூட்டு வட்டியாக ஆண்டு முடிவில் 6% வருவதற்கு) மாத வட்டி 0.4868%; 12-ஆல் வகுத்து 0.5% போட்டாலும் படம் அழகாகத்தான் வரும். அட்டவணையில் தேடி எடுக்கும் விலுக்அப் (VLOOKUP) ஃபார்முலாவில் நான்காவது உள்ளீட்டை விட்டுவிட்டால் அது தோராயப் பொருத்தத்துக்குப் போய்விடும். வயது வரிசை கலைந்த அட்டவணையில் அது வேறு வயதின் இறப்பு வீதத்தை எடுத்துவந்தாலும் எச்சரிக்கை வராது. செல் முகவரியை நகராமல் பிடித்துவைக்கும் டாலர் குறி விடுபட்டு, ஃபார்முலாவைக் கீழே இழுக்கும்போது வட்டிக்கான செல் முகவரியும் சேர்ந்து நகர்வது இன்னொரு வழக்கமான விபத்து.

கண்ணை நம்புவதைவிட, விடை முன்பே தெரிந்த உள்ளீடுகளைக் கொடுத்துப் பாருங்கள். வட்டியை 0 ஆக்கினால் இன்றைய மதிப்பு தவணைகளின் கூட்டுத்தொகைக்குச் சமமாக வேண்டும். இறப்பு வீதத்தை 0 ஆக்கினால், குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமான ஆயுள் சார்ந்த ஓய்வூதியம் அதே காலத்துக்கான உறுதித் தவணையின் (உயிரோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் கிடைக்கும் தவணையின்) மதிப்புக்கு வர வேண்டும். வட்டி ஏறினால் மதிப்பு இறங்க வேண்டும். இந்தச் சோதனைகளையும் அவற்றின் விடைகளையும் ஷீட்டிலேயே விட்டுவையுங்கள், சரிபார்ப்புக்கும் மதிப்பெண் உண்டு. சோதனை முடிந்ததும் உண்மையான அனுமானங்களைத் திரும்பப் போட மறக்காதீர்கள். அவசரத்தில் இதுவே புதுப்பிழை ஆகிவிடுகிறது.

கேள்வி: கடைசி 20 நிமிடத்தில் பிழை கண்ணில் பட்டால் திருத்தலாமா?

அனுமான ஷீட்டில் ஒரு செல்லை மாற்றினால் தீரும் என்றால் திருத்துங்கள். மாடலின் அமைப்பையே கலைக்க வேண்டும் என்றால் தொடாதீர்கள். பிழை எந்த ஷீட்டில் இருக்கிறது, அதனால் விடை கூடுகிறதா குறைகிறதா, சுமார் எவ்வளவு, பரிந்துரை மாறுமா என்று ஆடிட் டிரெய்லில் மூன்று நான்கு வரி எழுதுங்கள். தன் மாடலின் குறையை அளவோடு சொல்லத் தெரிந்தவர் என்பது திருத்துபவருக்குப் புரியும்.

திருத்தினால் மூன்று இடங்களை உடனே பாருங்கள்: மதிப்பாக மட்டும் ஒட்டிய எண்கள் தானாக மாறா, வரைபடம் பழைய வரிசைகளையே காட்டிக்கொண்டிருக்கலாம், எழுத்தில் சொன்ன எண்கள் ஷீட்டோடு முரண்படும்.